மலை தெரிகிற ஜன்னல்

சித்ரா பௌர்ணமி அன்று மதியம் மூன்று நாற்பது.

நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. எங்கள் வாசலில் நீர்மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "மணி என்னா ஆவுது சார்?" என்று கேட்டார். வாட்சைப் பார்த்து, "மூணு நாப்பது" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, உள்ளேயிருந்து என் மனைவி செல்வி கூப்பிட்டாள். எப்போதும் "ஏங்க" என்றுதான் கூப்பிடுவாள். அன்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் பேரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெயிலைத் தாங்குகிற வீடு ஒன்றைத் திருவண்ணாமலையில் கட்டிய கதையைச் சில வாரங்களாக இங்கே எழுதிவருகிறேன். அஸ்திவாரம், செங்கல், கூரை என்று வரிசையாகச் சொல்லிவந்தேன். "எல்லாம் சரி, முதல் கோடையில் வீடு எப்படி இருந்தது, அதை ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள்?" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனி தள்ள முடியாது.

மோர் டிரம்

சொந்த வீடு அமைந்தால் சித்ரா பௌர்ணமிக்கு வாசலில் மோர் ஊற்றுவதாக செல்வி வேண்டிக்கொண்டிருந்தாள். தை மாதம் குடிவந்தோம். சித்திரையில் வேண்டுதலை நிறைவேற்றினோம்.

முந்தின நாளே ஆறு குண்டான்களில் தயிர் வந்து இறங்கியது. அந்த வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த இடம் வடக்கு அறை. கயல் படிப்பதும் தூங்குவதும் அங்கேதான். அவள் பாயைச் சுருட்டி எடுத்துவிட்டு ஆறு குண்டான்களையும் அங்கே வரிசையாக வைத்தோம். "ஒரு நாளைக்குத்தானே" என்று நான்தான் சொன்னேன்.

வாசலில் நீல டிரம், பக்கத்து பக்கெட்டில் ஐஸ் கட்டி. கறிவேப்பிலை, பெருங்காயம், தூரத்திலிருந்து கற்பூரம் எல்லாம் கலந்து ஒரு வாசனை. கிரிவலம் போகிறவர்கள் மதியமே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஊருக்குள் வண்டிகளை விடவில்லை. தார் கொதித்தது. வெறுங்காலோடு வந்தவர்கள் ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு ஓடினார்கள். ஒலிபெருக்கி இடைவிடாமல் அலறியது. இரண்டரை மணிவாக்கில் கரண்ட் போயிற்று.

மணி கேட்ட அந்த ஆள் ஆரணிப் பக்கம் என்றார். எங்கள் வாசல் சுவரில் முதுகைச் சாய்த்தவர் திரும்பி சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார், செவுரு இவ்ளோ சில்லுனு கீது? உள்ள ஏசியா?"

இந்தக் கேள்விக்காக நான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன். கிரகப்பிரவேசம் மார்கழிக் குளிர் போகாத நேரத்தில் நடந்தது. வந்தவர்கள் டைல்ஸ் போடாததைத்தான் விசாரித்தார்களே தவிர, வீடு குளிராக இருக்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது முன்பின் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டார்.

"ஏசியே கிடையாதுங்க. செங்கல்லை நிக்க வெச்சிக் கட்டினது. நடுவுல காத்துதான் இருக்கும். கரண்ட் போயி ஒரு மணி நேரம் ஆவுது. உள்ள வந்து பாருங்க, ஃபேன்கூட வேணாம்."

"அப்போ ஊட்டினு சொல்லுங்க" என்று சிரித்தார். பிறகுதான் மணி கேட்டார்.

வியர்க்காத பிள்ளை

கயல் எங்கள் ஒரே மகள். பத்து வயது. அது அவள் உண்மையான பேர் இல்லை. "எழுதிக்கோங்கப்பா, ஆனா என் பேரு வேணாம்" என்று சொல்லி, இந்தப் பேரை அவளே தேர்ந்தெடுத்தாள்.

அவளுக்குப் பிறவியிலேயே வியர்வை வராது. கைக்குழந்தையாக இருந்தபோது கோடை முழுக்கக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். கடைசியில் ஒரு டாக்டர்தான் விளக்கினார். அது காய்ச்சல் இல்லை, உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது என்றார். மருந்து கிடையாது. வெயில் படாமல், வீடு கொதிக்காமல், உடம்பை நனைத்து நனைத்து வளர்க்க வேண்டும். ஈரத்துணிதான் அவளுக்கு வியர்வை.

வாடகை வீடு மொட்டை மாடிக்குக் கீழே இருந்தது. ஏசி வைத்தோம். ஆனால் சித்திரை, வைகாசியில் கரண்ட் போனால் அரை மணியில் அந்த அறை அடுப்பாகிவிடும். அப்போதெல்லாம் அவளை ஈர பனியனோடு தூக்கிக்கொண்டு தெருமுனை ஏடிஎம்முக்கு ஓடுவேன். அங்கே ஜெனரேட்டர் இருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் தன் நாற்காலியை உள்ளே போட்டுக்கொடுப்பார். பணம் எடுக்க வருகிறவர்கள், மூலையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதும் பிள்ளையை விநோதமாகப் பார்ப்பார்கள். இரண்டாம் வகுப்பு வீட்டுப்பாடத்தில் பாதியை அவள் அங்கேதான் செய்தாள்.

கரண்ட் போனாலும் குளிர்ச்சி போகாத ஒரு வீடு. நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

பவானி போட்ட கோடு

வீட்டுக்கு வரைபடம் போட்டவர் பவானி. கீழ்பென்னாத்தூர்க்காரர், சின்ன வயது இன்ஜினியர். மனையைப் பார்க்க வந்தபோது டேப்பை எடுக்கவில்லை. வெயிலில் நின்று, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டின் நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். தெற்கே அகலமான தாழ்வாரம். வடக்கே தரையோடு ஒட்டிய ஜன்னல்கள், படிக்கட்டு உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு கதவு. மேலிருந்து சூடு இறங்காமலிருக்க, கூரைக்குள் கவிழ்த்த மண் சட்டிகள். தரைக்குக் கடப்பாக் கல். மேற்குச் சுவருக்கு வந்ததும் சிவப்புப் பென்சிலை எடுத்து, மேலிருந்து கீழ்வரை தடிமனாக ஒரு கோடு போட்டார்.

"இந்தப் பக்கம் ஒரு ஓட்டைகூட வேணாம் சார்."

நான் உடனே சொன்னேன்: "மலை அந்தப் பக்கம்தாங்க இருக்கு."

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாமல் போகலாம். எங்கள் மனை மலைக்குக் கிழக்கே இருக்கிறது. எங்களுக்கு மலை மேற்கில். எங்கள் ஊரில் யார் வீடு கட்டினாலும் கேட்கிற முதல் கேள்வி எத்தனை அறை என்பது இல்லை. "மலை தெரியுதா?" என்பார்கள். அடுத்தது, "தீபம் தெரியுதா?" தெரியாது என்று சொல்வதற்கு ஏதோ ஒரு கூச்சம்.

பவானி கொஞ்சம் யோசித்தார். "மலைய மாடியில வெச்சிப்போம் சார். படி ஏறினா முழுசா தெரியும். பாப்பா வளர்ற வீட்டுல மேக்குப் பக்கம் தொறக்க வேணாம்."

சரி என்றேன். மனசார.

அரைச் சுவரில் தீபம்

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று மேற்குச் சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருந்தது. சாயங்காலம் கொத்தனார்களும் சித்தாள்களும் வீட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள். நானும் செல்வியும் கயலை அழைத்துக்கொண்டு போனோம். எல்லோரும் அந்த அரைச் சுவருக்குப் பின்னால் வரிசையாக நின்றோம். ஆறு மணிக்கு உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம். சுவரின் ஈரச் சிமென்ட் மேல் கையை ஊன்றி கயல் எட்டிப் பார்த்தாள். அவள் விரல் பதிந்த தடம் இன்னும் அந்தச் சுவருக்குள் இருக்கிறது.

"எங்க வீட்லருந்தே தெரியுதுப்பா" என்றாள்.

எங்கள் மேஸ்திரி அமீன் பாய் பக்கத்தில் நின்றிருந்தார். நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர். "என்னா அழகா தெரியுது பாருங்க சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவரிடம், இங்கே ஐந்தடிக்கு நாலடி ஜன்னல் விடுங்கள் என்றேன். முழுக் கண்ணாடி. கீழே பிள்ளை உட்கார ஒரு அகலமான மேடை.

பாய் கரண்டியைக் கீழே வைத்தார். "சார், இன்ஜினியரம்மா கோடு போட்டா அதுல ஒரு நியாயம் இருக்கும்."

"நீங்கதானே நேத்து அழகா தெரியுதுனீங்க?"

"தெரியுதுன்னேன். தொறங்கனு சொன்னனா? சரி, சொல்றது நீங்க, கட்டறது நான். அந்தம்மாகிட்ட யாரு பேசறது?"

"நான் பேசறேன் பாய்."

பேசவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வரும், உள்ளே பட்ட சூடு திரும்ப வெளியே போகாது என்று ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் படம் போடுகிறவன். ஆனாலும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலமே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது, அதனால் மேற்கு வெயில் நமக்குக் கம்மிதான் என்று. ஜன்னல் வைக்கும் இடத்தில் மூன்று நாள் சாயங்காலம் நின்றும் பார்த்தேன். இதமாகத்தான் இருந்தது. நான் நின்றது கார்த்திகையில். சித்திரைச் சூரியன் மதியம் இரண்டு மணியிலிருந்து அந்தக் கண்ணாடிக்கு நேர் எதிரே வந்து நிற்கும் என்பதை ஒரு வாத்தியார் மறந்துபோனேன்.

தட்டி

கிரகப்பிரவேசத்தன்றுதான் பவானி அந்த ஜன்னலைப் பார்த்தார். கையில் தாம்பூலப் பை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பங்குனிக்குள்ள வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி கட்டிடுங்க சார். உள்ள ஸ்கிரீன் போட்டா பிரயோஜனம் இல்ல, சூடு அதுக்கு முன்னாடியே வந்துடும். வெளியதான் கட்டணும்."

தட்டி கட்டினால் மலை மறையும். நான் உள்ளே நீல ஸ்கிரீன் போட்டேன்.

பங்குனி முழுக்க ஒன்றும் தெரியவில்லை. கயல் பள்ளி விட்டு வரும்போது நாலரை ஆகிவிடும். விடுமுறை நாளில் வடக்கு அறையில் கிடப்பாள். அந்த அறை நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. நாங்களும் மெல்ல மெல்லப் பயம் விட்டோம். வாடகை வீட்டில் அரை மணிக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். புது வீட்டில் அந்தப் பழக்கம் நின்றுபோயிற்று. வீடு பார்த்துக்கொள்ளும் என்று கையை எடுத்துவிட்டோம்.

சித்ரா பௌர்ணமியன்று வடக்கு அறையில் தயிர் இருந்தது. கயல் சாப்பிட்டுவிட்டு ஒரு கதைப் புத்தகத்தோடு ஜன்னல் மேடைக்குப் போனாள். ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்கிரீனை ஓரமாக இழுத்துவிட்டு மலையைப் பார்த்தபடியே தூங்கியிருக்கிறாள்.

வடக்கு அறை

கரண்டி கேட்டு கயலை இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் வராததால்தான் செல்வி போய்க் கதவைத் திறந்தாள்.

நான் ஓடியபோது அந்த அறையின் காற்று முகத்தில் வந்து அடித்தது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. கயலின் முகம் சிவந்து, உதடு காய்ந்து, கண் பாதி திறந்திருந்தது. தொட்டேன். கை தானாகப் பின்னால் வந்தது. உடம்பில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஏதோ சொன்னாள். வார்த்தையாக வரவில்லை.

போன் போட்டேன். ஆம்புலன்ஸ் ஊருக்கு வெளியே தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, கூட்டத்தில் உள்ளே வர நேரமாகும், கிரிவலப் பாதை முகாமிலிருந்து ஒரு நர்ஸை நடந்தே அனுப்புகிறோம் என்றார்கள். எனக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

தெருமுனையில் அமீன் பாயும் அவர் தெருக்காரர்களும் தண்ணீர் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்வி கூப்பிட்ட சத்தம் அதுவரைக்கும் கேட்டிருக்கிறது. பாய் வந்து வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"எங்க சார் தூக்கினு போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. வழி விடுங்க பாய்."

"ரோட்ல கால் வெக்க முடியல. இந்தக் கூட்டத்துல எப்போ போயி சேருவீங்க? வெயில்ல எடுத்துனு போனா பாப்பா தாங்குமா?" உள்ளே கை காட்டினார். "வடக்கு ரூம்ல போடுங்க சார். கல்லு மேல போடுங்க. நான் கட்டின ரூமு அது, எனக்குத் தெரியும்."

நான் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிஷம் வேறு இல்லை. வெளியே போனால் வழியில் என்ன ஆகுமோ. உள்ளே இருந்தால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தோம் என்று ஆகுமோ. செல்விதான் என் தோளிலிருந்து பிள்ளையை வாங்கினாள். உள்ளே போனாள்.

குண்டான்களை ஓரமாகத் தள்ளிவிட்டு கடப்பாக் கல் மேல் படுக்க வைத்தோம். செல்வி தன் பழைய நூல் புடவையை ஐஸ் பக்கெட்டில் முக்கி, பிழியாமல் போர்த்தினாள். பாய் கீழ் ஜன்னல்களையெல்லாம் திறந்தார். படிக்கட்டில் ஏறிப் போய் உச்சிக் கதவைத் திறந்தார். பவானி சொன்னபடியே காற்று தரையோடு ஊர்ந்து வந்தது. நான் ஐஸ் கட்டி வந்த பெட்டியின் அட்டையால் விசிறினேன். புடவை காயக் காய நனைத்தோம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். கை வலித்தது என்று பிறகுதான் தெரிந்தது.

வெளியே டிரம் அருகே கரண்டிச் சத்தம் நிற்கவே இல்லை. எட்டிப் பார்த்தால் அந்த ஆரணிக்காரர் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. டிரம் காலியாகும்வரை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேர்கூடத் தெரியாது.

நாலரை தாண்டி கயல் ஒரு தடவை இருமினாள். கண்ணைத் திறந்தாள். "ஏம்மா புடவை போத்திருக்கீங்க?" என்றாள். செல்வி சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது

இதை எழுதும் மேஜை அந்த மேற்கு அறையில்தான் இருக்கிறது. எதிரே ஜன்னல் இல்லை. அந்த வாரமே அமீன் பாய் தானாக வந்து அடைத்துவிட்டார். அங்கே மட்டும் பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்தடிக்கு நாலடியில் செங்கல் தனியாகத் தெரியும். தெரியட்டும்.

பவானிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "பாப்பா எப்டி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். செல்வியும் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் வகுப்பில் இருந்தாலும் மூன்று நாற்பதுக்குக் கை போனைத் தேடுகிறது. வீட்டில் இருந்தால் எழுந்து போய் அவள் நெற்றியைத் தொடுகிறேன். "மறுபடியுமா?" என்கிறாள். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அதில் உட்கார முடியவில்லை.

அன்று கடைசியாக வந்து சேர்ந்தவர் அந்த நர்ஸ். மணி ஐந்தே கால். முகாமிலிருந்து கூட்டத்துக்கு எதிராக நடந்தே வந்திருந்தார். முகம், கழுத்து, ஜாக்கெட் எல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. குனிந்து கயலின் நாடியைப் பிடித்தபோது அவர் தாடையிலிருந்து வியர்வை ஒரு சொட்டு பிள்ளையின் கைமேல் விழுந்தது. அந்தச் சொட்டைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சூடு எறங்கிட்டிருக்கு, பயப்படாதீங்க. ஒரு பாட்டில் டிரிப்ஸ் போடலாம். வழி விட்டதும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போயி ஒரு நாள் வெச்சிப் பாத்துடலாம்" என்றார். ஊசியைப் பிரித்தவர் கையை நிறுத்தினார். கல் தரையைத் தொட்டார். நிமிர்ந்து சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏசி போட்டிருக்கீங்களா சார் இந்த ரூம்ல?"

"இல்லைங்க" என்றேன்.

அவர் பார்வை ஓரத்தில் இருந்த ஆறு குண்டான்களில் போய் நின்றது. பிள்ளை எங்கே தூங்கினாள் என்று கேட்டார்; செல்வி கை காட்டினாள். கதவு வழியாக எதிரே இருந்த அறையின் கண்ணாடியையும், அதில் மலையையும் பார்த்தார். குறை சொல்லும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தயிர இங்க வெச்சிட்டு, புள்ளைய ஏன் சார் அங்க படுக்க வெச்சீங்க?"